விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வருகிறவர்களுக்கு

அட்டைப் பெட்டியில் ஒட்டிய டேப்பைச் சர்ரென்று கிழிக்கிற சத்தம் கேட்டாலே ஒரு வருடத்துக்கு மேல் எனக்கு நெஞ்சு படபடத்தது. சிரிக்க வேண்டாம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், பதினேழு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிற பையருக்கும், இங்கே நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை வேலை செய்கிற அத்தனை பேருக்கும் நடுவில் நிற்கிற ஆள் நான். கலர் மாறினால் என்னைக் கேட்பார்கள். டையிங்கில் லாட் தாமதமானால் என்னைக் கேட்பார்கள். கண்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேரும்வரை என் தலைதான் உருளும்.

பையரின் ஆள் வந்து கடைசி இன்ஸ்பெக்‌ஷன் செய்யும் நாளில், கட்டி அடுக்கிய பெட்டிகளில் தனக்குத் தோன்றியதை எடுத்து டேப்பைக் கிழிப்பார். 2022இல் அப்படி ஒரு நாள், அவர் மூன்றாவது பெட்டியைக் கிழிக்கும்போது என் இதயம் தொண்டைக்கு வந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. மூச்சு உள்ளே போகவே மாட்டேன் என்றது. செக்கிங் பகுதியில் இருந்த அம்மா ஒருவர்தான் ஓடி வந்து, "மேடம், முகமெல்லாம் வெளுத்துப் போச்சுங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டார். ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிட்டது. அந்த ஆர்டர் பாஸ் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்த பயம் மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் என்னென்ன செய்தேன், எது வேலை செய்தது, எது வெட்டி என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு வேலையை எந்த வரிசையில் செய்தால் முடியும் என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுங்கள்

முதல் தடவை நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், "இது வெறும் படபடப்புதான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுத்து, இதயக் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு.

நான் முதலில் போன இடத்தில் "டென்ஷனா இருக்குங்க டாக்டர்" என்றேன். பிபி பார்த்தார், ஈசிஜி எடுத்தார், "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பிவிட்டார். டென்ஷன் ஆகாதே என்பது, மழையில் நிற்கிறவனிடம் நனையாதே என்பது மாதிரி. ஆனால் பாதித் தப்பு என்னுடையதும்தான். நம் பேச்சில் டென்ஷன் என்றால் கோபம், பிபி, அவசரம், பயம் எல்லாமே அதில் அடக்கம். 'மன அழுத்தம்' என்ற சொல்லும் அப்படித்தான். வேலைப் பளுவுக்கும் அதைச் சொல்கிறோம், எதிலும் பிடிப்பில்லாமல் போகிற மனச்சோர்வுக்கும் அதையே சொல்கிறோம். டாக்டரிடம் அந்தப் பெரிய சொற்களை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லுங்கள். "தினமும் நாலு மணிக்கு முழிப்பு வருது. முழிக்கும்போதே நெஞ்சு அடிச்சுக்குது. ரெண்டு மாசமா இருக்கு. இன்ஸ்பெக்‌ஷன்னா லீவு போட்டுடறேன்." இரண்டாவது டாக்டரிடம் இப்படிச் சொன்ன பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

அவர் தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். ரத்தசோகையிலும் இதயம் வேகமாக அடிக்கும். எனக்குத் தைராய்டு சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.2. பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாது. மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்ததை நான் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறும்போது வந்த படபடப்பு போனது. டேப் சத்தத்துக்கு வருவது மட்டும் அப்படியே இருந்தது. சரி, இது வேறு என்று அப்போதுதான் புரிந்தது.

உள்ளே நடப்பது என்ன

நாயைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கிற அட்ரீனல் சுரப்பி அட்ரினலினை விடும். இதயம் வேகமெடுக்கும், மூச்சு வேகமாகும், ரத்தம் கை கால் தசைகளுக்குப் பாயும், வயிறு தன் வேலையை நிறுத்தும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிடும். பையரின் மெயிலுக்கும் உடம்பு இதையேதான் செய்கிறது. நாய் இல்லை, ஓடவும் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓட்டத்துக்கான அத்தனை ஏற்பாடும் உள்ளே நடக்கிறது.

விரல் மரப்பதற்கும் காரணம் இருக்கிறது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால்தான் மரப்பு, தலைச்சுற்றல், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது மாதிரி. மூச்சு போதவில்லை என்று தோன்றும், உண்மையில் அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டிருப்போம். இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து.

விடிகாலை விழிப்புக்கும் உடம்பில் ஓர் அடிப்படை இருக்கிறது. கார்டிசால் என்கிற ஹார்மோன் எல்லோருக்குமே விடியலை ஒட்டி ஏறும், எழுந்து அரை மணி, முக்கால் மணியில் உச்சத்துக்குப் போகும். நம்மை எழுப்பி ஓட வைப்பதற்கான ஏற்பாடு அது. ஏற்கெனவே பதறிக்கொண்டிருக்கிறவருக்கு அந்த நேரம் கூடுதல் கனமாக விழுகிறது. அதனால் நாலு மணிக்கு மனம் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. அந்த நேரத்தில் எல்லா ஆர்டரும் ரிஜெக்ட் ஆகும், எல்லாக் குழந்தைகளும் ஃபெயில் ஆவார்கள். ஏழு மணிக்கு அதே விஷயம் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

நீண்டகால அழுத்தம் என்பது வேறு கதை. ஹான்ஸ் செல்யே என்பவர் கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை வைத்து ஆராய்ந்து 1936இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றம்: அட்ரீனல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. முதலில் பதறும், பிறகு தாங்கும், தாங்கித் தாங்கி ஒரு நாள் ஓய்ந்துவிடும் என்று மூன்று கட்டமாக அவர் பிரித்தார். எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறோம். லைக்ரா கலந்த ரிப் துணியை இழுத்துப் பார்க்கும்போது எவ்வளவு நீள்கிறது என்பதோடு நிறுத்த மாட்டோம், விட்டால் எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் பார்ப்போம். அதற்கு ரெகவரி என்று பெயர். நல்ல துணி எவ்வளவு இழுத்தாலும் திரும்பி வரும். இழுத்தபடியே மாதக்கணக்கில் ஹேங்கரில் தொங்கவிட்டால் எந்தத் துணியும் திரும்பாது. என்னை யாரும் அதிகமாக இழுக்கவில்லை. விடவே இல்லை, அதுதான் பிரச்சினை. பையர் இருக்கிற ஜெர்மனிக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். அவர்கள் ஆறு மணிக்குக் கடையைக் கட்டும்போது நமக்கு இரவு பத்தரை. அதுவரை மெயில் வரும், அதுவரை நானும் பார்ப்பேன்.

வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது

மூச்சைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். "ஆழமா மூச்சு விடு" என்பார்கள். படபடப்பில் ஆழமாக இழுத்தால் இன்னும் மோசமாகும், எனக்கு ஆனது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. வெளிவிடும் மூச்சு மெதுவாகும்போது இதயத் துடிப்பும் சற்றுத் தணிகிறது.

என் கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். அதையே கருவியாக்கிக்கொண்டேன். டேப்பின் தொடக்கத்தைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பேன். ஒரு இஞ்சுக்கு ஒரு நொடி. நாலு இஞ்ச் நகர்த்தும்வரை மூக்கால் மூச்சை இழுப்பேன், அடுத்த ஆறு இஞ்ச் நகர்த்தும்வரை, சூடான டீயை ஊதுவது மாதிரி, மெல்ல விடுவேன். பத்து இஞ்சில் ஒரு மூச்சு. 60 இஞ்ச் டேப் முடியும்போது ஆறு மூச்சு ஆகியிருக்கும், ஒரு நிமிடம் போயிருக்கும். திருப்பிப் பிடித்து மறுபடி. இப்படி ஐந்து தடவை செய்தால் ஐந்து நிமிடம். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதோ அளவு பார்க்கிறேன் என்றுதான் தோன்றும். இஞ்ச் டேப் இல்லாதவர்கள் புடவைத் தலைப்பு ஓரத்தையோ விரல் கணுக்களையோ வைத்துக்கொள்ளலாம். மயக்கம் மாதிரி வந்தால் இன்னும் சிறிதாக, மென்மையாக இழுங்கள்.

முக்கியமான விஷயம், நன்றாக இருக்கும்போது இதைப் பழக வேண்டும். நான் காலையில் குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்தேன். பதறும்போது புதிதாக எதையும் மூளை கற்றுக்கொள்ளாது.

இன்னொன்று. பேனிக் அட்டாக் என்று சொல்கிற அந்தத் திடீர் அலை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், பிறகு தானே இறங்கிவிடும். அதை நிறுத்தப் பார்த்தால் கூடும். "வா, வந்துட்டுப் போ" என்று கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் குறுக்கு வழி. கேட்க எளிது, செய்ய எனக்கு நாலு மாதம் ஆனது.

பரிசோதிக்கிற பழக்கம்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்தது நானேதான்.

பெட்டி மேல் அச்சடிக்கிற மார்க்கிங் சரியா என்று அனுப்பிய மெயிலை ஏழு தடவை திறந்து பார்ப்பேன். வீட்டுக்கு வந்தபின் பேக்கிங் மேஸ்திரிக்குப் போன் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். இரவு பதினொரு மணிக்கு, "ஏனுங்க, சைஸ் லேபிள் சரியாத்தானுங்க இருக்கும்?" என்று வீட்டுக்காரரை எழுப்புவேன். நிட்டிங் மெஷின் ஓட்டுகிற மனிதர், என் லேபிளை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. "சரியாத்தான் இருக்கும், தூங்கு" என்பார். அந்த நிமிடம் நெஞ்சு லேசாகும். கால் மணி நேரத்தில் அடுத்த கேள்வி வரும்.

கோயம்புத்தூரில் நான் பார்த்த உளவியல் ஆலோசகர் இதைக் கேட்டுவிட்டு, "உங்க இன்ஸ்பெக்‌ஷன்ல மூவாயிரம் பீஸையும் பார்ப்பாங்களா?" என்றார். பார்க்க மாட்டார்கள். 3,000 பீஸ் லாட்டில் வழக்கமான அட்டவணைப்படி 125 பீஸ் எடுப்பார்கள். எவ்வளவு பழுது வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் அளவு 2.5 என்றால் அதில் 7 பெரிய குறைகள் வரை இருந்தாலும் பாஸ், எட்டாவது வந்தால்தான் ஃபெயில். "உலகத்துக்கே சட்டை போடுற தொழில்ல ஏழு பழுதுக்கு இடம் வச்சிருக்காங்க. நீங்க உங்களுக்கு எத்தனை வச்சிருக்கீங்க?" என்றார். பூஜ்யம். பதினேழு வருடமாக அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், எனக்கு இது தோன்றவே இல்லை.

அவர் தந்த விதி இது. எந்த விஷயத்தையும் ஒரு முறை, உட்கார்ந்து, கவனமாகப் பார். பார்த்ததும் நோட்டில் டிக் போடு. அதற்கப்புறம் மறுபடி பார்க்க வேண்டும் என்று வரும் உந்துதலை, சொறியாமல் விடுகிற அரிப்பு மாதிரி அப்படியே விடு. முதல் வாரம் நரகம். இரண்டாம் வாரத்தில் அந்த உந்துதல் இருபது நிமிடத்தில் தேய்ந்துபோவதைப் பார்த்தேன். ஒரு தடவை உண்மையிலேயே தப்பு நடந்தது. போலிபேக் ஸ்டிக்கரில் ஒரு எழுத்து மாறிவிட்டது. ஆயிரத்து இருநூறு ஸ்டிக்கர் மாற்றி ஒட்டினோம், ஒரு நாள் போனது. அவ்வளவுதான். ஏழு தடவை பார்த்த காலத்திலும் இதே மாதிரித் தப்புகள் நடந்துதான் இருந்தன.

வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். நான் கேட்டால் "சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லக் கூடாது. "அதை ஆறு மணி நோட்டுல எழுதிக்க கண்ணு" என்று மட்டும் சொல்ல வேண்டும். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் அதைச் சொல்வதற்கு முன்பே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆறு மணி நோட்டு என்பது வேறொன்றுமில்லை, கவலைப்படுவதற்கென்று ஒதுக்கிய நேரம். அமெரிக்காவில் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் 1980களில் இதைச் சோதித்துப் பார்த்தவர். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. பகலில் கவலை வந்தால் ஒரு வரி எழுதிவிட்டு, "ஆறு மணிக்குப் பார்க்கலாம்" என்று தள்ளி வைக்க வேண்டும். என் இடம் கம்பெனி மொட்டை மாடித் தண்ணீர் தொட்டி நிழல். நோட்டில் நடுக்கோடு போட்டேன். இடது பக்கம், நான் ஏதாவது செய்ய முடிகிற கவலை. அதற்கு நேரே என்ன செய்வது, யார், எந்தத் தேதி என்று எழுதினேன், எங்கள் ஆர்டர் அட்டவணை மாதிரியே. வலது பக்கம், "ஒரு வேளை இப்படி ஆகிவிட்டால்" என்கிற வகை. அதற்குத் தேதி போட முடியாது. வாசித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். பகலில் நெஞ்சைப் பிடித்த சமாச்சாரம் ஆறு மணிக்கு எனக்கே ஞாபகம் வராமல் எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும் உண்டு.

ஒளிந்துகொண்ட இடங்களுக்குத் திரும்பிப் போவது

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தால் தலைவலி என்று லீவு போட்டேன். அன்றைக்கு நிம்மதி. அடுத்த முறை பயம் இரட்டிப்பு. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. இதை உடைக்க, பயத்தை ஏணி மாதிரி படிப்படியாக அடுக்கிக் கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும்.

என் முதல் படி வீட்டிலேயே இருந்தது. காலி அட்டைப் பெட்டி ஒன்று, பழுப்பு டேப் ஒரு ரோல். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் உட்கார்ந்து, டேப்பை ஒட்டி, கிழித்து, மறுபடி ஒட்டி, கிழித்து. ஒவ்வொரு முறையும் பயத்துக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட்டேன். முதல் தடவை 8. வியர்த்தது. பன்னிரண்டாவது தடவை 3. பிளஸ் ஒன் படிக்கிற மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, வீடு மாத்தறமா?" என்றாள். இரண்டாவது படி, மதிய உணவு நேரத்தில் ஆளில்லாத பேக்கிங் பகுதியில் போய் நிற்பது. மூன்றாவது, எங்கள் கம்பெனி ஆட்களே செய்யும் உள் பரிசோதனையில் நிற்பது. நாலாவது, இன்னொரு மெர்ச்சண்டைசரின் ஆர்டருக்கு இன்ஸ்பெக்‌ஷன் நடக்கும்போது கூட இருப்பது. கடைசிப் படி என் ஆர்டர். மொத்தம் பதினோரு வாரம். நடுவில் மூன்றாவது படியிலிருந்து ஒரு முறை கழிவறைக்கு ஓடிவிட்டேன். மறுநாள் அதே படியிலிருந்து தொடங்கினேன்.

ஏணியில் விதி ஒன்றுதான்: பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்காதீர்கள். பாதியாவது தணியும்வரை அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள்.

காபி, தூக்கம், நடை

காபியின் காஃபின் பாதியாகக் குறையவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். நான் நாளைக்கு ஆறு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன், கடைசி டம்ளர் மாலை ஏழு மணிக்கு. இரண்டாகக் குறைத்தேன், மதியம் இரண்டு மணியோடு சரி. ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், தலைவலி பின்னும்.

விழித்துக்கொண்டு இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். மணி பார்க்க வேண்டாம். போன் வேண்டவே வேண்டாம். நான் மங்கலான வெளிச்சத்தில் துவைத்த துணியை மடித்தேன், அதைவிடச் சலிப்பான வேலை எனக்குக் கிடைக்கவில்லை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும்.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில். ஒரு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கினால் கணக்கு வந்துவிடுகிறது.

மூச்சால் தீராதவை

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்தும், இரவு பத்தரை மணி மெயில் நிற்காதவரை முழுதாகச் சரியாகவில்லை. கடைசியில் முதலாளியிடம் போய் உட்கார்ந்தேன். அழவோ கோபப்படவோ இல்லை. ஒரு மாத மெயிலை எண்ணி எடுத்துப் போனேன். இரவு எட்டரைக்கு மேல் வந்தவை 143, அதில் மறுநாள் காலை வரை காத்திருக்க முடியாதவை 6. "இந்த ஆறுக்கு என்னைக் கூப்பிடுங்க, மீதிக்குக் காலைல ஒன்பதுக்குப் பதில் போடறேன்" என்றேன். முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார். எண்ணிக்கை இல்லாமல் போயிருந்தால் "எல்லாருக்கும்தான் டென்ஷன்" என்று முடித்திருப்பார்.

எல்லோருக்கும் இது வாய்க்காது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற டெய்லருக்கு, வாராவாரம் குழுக் கடன் கட்டுகிற அம்மாவுக்கு, குடித்துவிட்டு அடிக்கிறவனோடு வாழ்கிறவளுக்கு, மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லிவிட்டுப் போவது அநியாயம். அங்கே கடனும் அடியும்தான் நோய். அதற்குக் கணக்குத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், சங்கம் என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். வீட்டில் அடி என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. மூச்சு அந்தக் கதவு வரை நடந்து போகத் தெம்பு தரும், அவ்வளவுதான்.

டாக்டர், மாத்திரை, அத்தையின் கயிறு

எப்போது போக வேண்டும்? நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு. ஒன்று, வேலைக்கோ கல்யாணத்துக்கோ கடைத்தெருவுக்கோ போவதை இதற்காகத் தவிர்க்கிறீர்கள் என்றால். இரண்டு, பதற்றத்தை அளக்கிற ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் ஆளைப் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு முதலில் 16. அது நோய் முத்திரை இல்லை, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி.

மனநல டாக்டர் என்றதும் அத்தை, "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? ஊருக்குத் தெரிஞ்சா புள்ளைக்கு மாப்பிள்ளை வருமா?" என்றார். மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டார். கயிற்றையும் கட்டிக்கொண்டேன், டாக்டரிடமும் போனேன். அத்தையோடு சண்டை போடுகிற தெம்பு அப்போது இல்லை, கயிறு யாரையும் கெடுக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரையும் இலவசம்.

எனக்கு எஸ்சிட்டாலோபிராம் கொடுத்தார்கள், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற மாத்திரை. முதல் பத்து நாள் குமட்டல், படபடப்பு கொஞ்சம் கூடின மாதிரிகூட இருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை. இந்த வகை மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டர்தான் மெல்ல மெல்லக் குறைப்பார். எனக்குப் பதினான்கு மாதம் ஆனது.

அல்பிரசோலம், குளோனசெபம் வகை வேறு. போட்டதும் அரை மணியில் அடங்கும், அதுதான் ஆபத்து. டாக்டர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பது உண்டு. ஆனால் தெரிந்த மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போட்டால் உடம்பு அதற்கே பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எங்கள் கம்பெனியிலேயே ஒருவர் "தூக்க மாத்திரைதானே" என்று இரண்டு வருடம் போட்டுவிட்டு, அதிலிருந்து வெளியே வர ஐந்து மாதம் பட்டார். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே தூக்கிப் போடாதீர்கள், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மனஸ் என்று 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இருந்து என்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்துபோனாலும் மேலே எழுதிய இஞ்ச் டேப், நோட்டு எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

திரும்பி வருமா என்று கேட்டால், வந்தது. போன தீபாவளிக்கு முந்தின ஷிப்மெண்ட் நெருக்கடியில் மூன்று நாள் நாலு மணி விழிப்பு. பீரோ கதவின் உள்பக்கம் நான் ஒட்டி வைத்திருக்கும் சீட்டில் ஐந்து வரி இருக்கிறது: காபி நாலாவது டம்ளர், மெயிலை மூன்றாம் முறை திறப்பது, மகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவது, தாடையை இறுகக் கடிப்பது, "நாளைக்கு லீவு போடலாமா" என்ற யோசனை. இதில் இரண்டு நடந்தால் அன்றே ஆறு மணி நோட்டை எடுக்க வேண்டும், மூன்று நடந்தால் டாக்டருக்குப் போன். அந்த முறை இரண்டு நடந்திருந்தது. நோட்டை எடுத்தேன். மூன்றாம் நாள் மாலை இன்ஸ்பெக்டர் வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "எதைப் பிரிக்கலாம்ங்க?" என்று கேட்டார். மேலே இருந்த ஒன்றை இறக்கி, டேப்பை நானே கிழித்துக் கொடுத்தேன்.